மெய்ப்பாடும் காண்போரும்

1

தமிழ்ச் செய்யுளாராய்ச்சியில் மெய்ப்பாடு என்னும் சொல் பெரிதும் ஆளப்படுகின்றது. ஆளப்படும் அளவிற்கு ஆராயப்படுகின்றதா என்பது ஐயத்திற்குரியது. பழைய உரையாசிரியருள் சிலர், பாட்டின் இறுதியில் இதன் மெய்ப்பாடு இன்னது, பயன் இன்னது என ஒரு தொடரிற் குறித்துச் செல்வர். அவர்க்கு அத்தொடர் பாட்டு முழுதும் உணர்ந்தபின் பிறந்த முடிபு. நம் மாணாக்கர்க்கோ அது பாட்டினுள் நுழையாமலே எழுதத்தக்க பெயர்ச்சீட்டாகிவிட்டது. நூறு பாடல்களை எடுத்து, இத்தனை அழுகை, இத்தனை உவகை, இத்தனை இளிவரல் என எண்ணிப் பட்டியலிட்டு, அப்பட்டியலையே ஆய்வு முடிபாகத் தரும் ஏடுகள் பல எம் கைக்கு வந்துள்ளன. இதற்கு மாணாக்கரை மட்டும் குறை கூறுதல் முறையன்று. 'இப்பாட்டின் மெய்ப்பாடு யாது?' என்று வினாத்தாளில் வினவி, ஒரு சொல்லே விடையாக எழுதியவர்க்கும் முழு மதிப்பெண் வழங்கியவருள் யாமும் ஒருவர்.

மற்றொருபுறம், உடல்மொழி என்னும் பெயரால் மேலைநாட்டிலிருந்து வந்த ஒரு கருத்து இன்று பலர் வாயிலும் வழங்குகின்றது. கையை இவ்வாறு வை, கண்ணை இவ்வாறு நோக்கு, நிமிர்ந்து நில், கேட்போர் உன் வயப்படுவர் என்று அது கற்பிக்கின்றது. தொல்காப்பியர் அன்றே இதனைக் கூறிவிட்டார் என்று மகிழ்ந்து எழுதும் கட்டுரைகளும் உள. மெய்ப்பாட்டைப் பட்டியலாக்குவாரும், அதனை உடல்மொழியின் முன்னோடியாக்குவாரும் இரு வேறு திசையினர்போலத் தோன்றினும் ஒரே பிழையைச் செய்கின்றனர். இருவரும் மெய்ப்பாட்டை, அதனை உடையவனிடத்து மட்டும் காண்கின்றனர். அதனைக் கண்டு கொள்வானை மறந்துவிடுகின்றனர்.

உள்ளத்து நிகழ்ச்சி மெய்வழியாகப் பிறர்க்குச் சென்றெய்துதலில், வெற்றியின் பொறுப்பைத் தமிழ் மரபு யார்மேல் வைத்தது என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள். அது காண்போர்மேல் வைக்கப்பட்டது என்பது எம் கருத்து. அக்கருத்தினைத் தொல்காப்பியம், திருக்குறள், சங்கப் பாடல் இரண்டு, சிலப்பதிகாரம் ஆகியவற்றைக்கொண்டு நிறுவ முயல்வோம்.

2

பொருளதிகாரத்தின் 9 இயல்களுள் மெய்ப்பாட்டியல் ஆறாவது. நகை, அழுகை முதலாக உவகை ஈறாக மெய்ப்பாடு 8 எனக் கொண்டு, ஒவ்வொன்றிற்கும் நான்கு நிலைக்களம் வகுத்து 32 ஆக விரிப்பர் ஆசிரியர். அழுகை பிறத்தற்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு, அச்சம் பிறத்தற்கு அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கு, பிறவும் அன்ன. இவ்வெண்ணிக்கை தெளிவாக இருத்தலினாற் போலும், கற்பார் எண்ணிக்கையோடு நின்றுவிடுகின்றனர்.

மெய்ப்பாடு என்னும் சொற்கே உரையாசிரியர் இருவரும் இருவகையாகப் பொருள் காண்பர். இளம்பூரணர் மெய்யின்கண் தோன்றுவது என்னும் கருத்தினர். மெய் என்பது ஈண்டு உடம்பு. பேராசிரியர் பொருட்பாடு என்பர். உள்ளத்து நிகழ்ச்சி, நிகழ்ந்தவாறே புறத்தார்க்குப் புலனாகும்படி வெளிப்படுதல் என்பது அவர் விளக்கம். ஒருவர் தோன்றும் இடத்தைக் கூறினார். ஒருவர் தோன்றும் முறையைக் கூறினார். ஆயினும் இருவர் உரையிலும் காண்போன் ஒருவன் நிற்கின்றான். அஞ்சினான் ஒருவனிடத்து எழுந்த அச்சம் உடற்குறிகளாற் புறப்பட்டுக் காண்போர்க்குப் புலனாதலே மெய்ப்பாடு என இளம்பூரணர் தெளிவுறுத்துவர். செய்து காட்டுவோன் செய்தது காண்போரைச் சென்று எய்துதலே மெய்ப்பாடு என்னும் பொருள்படச் செயிற்றியனார் கூற்றொன்றையும் அவர் மேற்கோளாகக் காட்டுவர். அஞ்சுதல் ஒன்று, அச்சம் மெய்ப்படுதல் மற்றொன்று. காண்பார் இல்லாத காட்டில் ஒருவன் நடுங்கினால் அது நடுக்கமேயன்றி மெய்ப்பாடு ஆகாது.

இனி, ஆராய்ச்சிக்குரிய சிக்கல் ஒன்றுண்டு. செய்யுளியலில் ஆசிரியர் செய்யுளுறுப்பு 34 எனத் தொகுத்து, அவற்றுள் மெய்ப்பாட்டையும் ஒன்றாக வைத்தார். ஆண்டு அதற்கு இலக்கணம் கூறுங்கால், உய்த்துணர வேண்டாது பொருள் தானே வந்து மெய்ப்பட முடிவது என்றார். மெய்ப்பாட்டியலின் இறுதி நூற்பாவிலோ, கண்ணானும் செவியானும் திண்ணிதாக உணரும் உணர்வுடையார்க்கன்றி ஏனையோர்க்கு இப்பொருளைக் கோடல் எண்ணுதற்கும் அரிது என்றார். உய்த்துணர வேண்டாது எளிதில் விளங்குவது மெய்ப்பாடு என ஓரிடத்தும், நுண்ணுணர்வுடையார்க்கே விளங்குவது என மற்றோரிடத்தும் கூறுதல் முரண்போலத் தோன்றும். எளிது எனின் அரிது என்றது என்னை? அரிது எனின் எளிது என்றது என்னை?

இதனை இடவேறுபாடு எனக் கூறி அமைதி காண்பாரும் உளராகலாம். செய்யுளியலிற் கூறியது புலவன் கடமை, மெய்ப்பாட்டியலிற் கூறியது கற்போன் தகுதி என்பது அவர் விடையாகும். அவ்விடை தவறன்று, ஆயின் நிரம்பாது. ஆசிரியர் உய்த்துணர்வு என்றும் உணர்வு என்றும் இரு சொற்களை வேறுவேறாக ஆண்டமையை நோக்குதல் வேண்டும். உய்த்துணர்தலாவது எதிரில் இல்லாத ஒன்றை, அறிவைச் செலுத்தி, இருத்தல் கூடும் என்று வருவித்துக் கொள்ளுதல். உணர்தலாவது எதிரில் உள்ள ஒன்றை உள்ளவாறே பற்றுதல். முன்னதற்குக் கண் வேண்டுவதில்லை. கண்ணை மூடிக்கொண்டும் உய்த்துணரலாம். பின்னதற்குக் கண்ணும் செவியும் இன்றியமையாதன. அதனாலன்றோ இறுதி நூற்பா அவ்விரு பொறிகளையும் பெயர் சுட்டி ஓதிற்று. எதிரில் உள்ளது எல்லார் கண்ணிலும் படும். அதனைத் திண்ணிதிற் பற்றுவார் சிலரே. ஆகவே மெய்ப்பாடு உய்த்துணர்வும் வேண்டாதது, எல்லார்க்கும் புலப்படாததும் ஆகும். இவை முரண் அல்ல. ஒன்றையொன்று நிரப்பும் இரு கூற்றுக்கள்.

3

இவ்வேறுபாட்டை உளங்கொண்டு களவொழுக்கத்து மெய்ப்பாடுகளை நோக்கின் ஆசிரியர் கருத்து மேலும் விளங்கும். தலைவியிடத்துத் தோன்றுவனவாக நான்கு நான்காக ஆறு கூற்றில் 24 மெய்ப்பாடு கூறப்படுகின்றன. நுதல் வியர்த்தல், கூந்தலை விரித்தல், காதணி ஒன்றினைக் களைதல், அணிந்தவற்றைத் திருத்துதல் முதலியன அவை. இவற்றுள் நகுநயம் மறைத்தல் என்பதும் ஒன்று. எழுந்த முறுவலை மறைத்தல் எவ்வாறு மெய்ப்பாடு ஆகும்? மறைக்கப்பட்டது வெளிப்பட்டதாகாதே எனின், மறைத்தல் தொழிலே வெளிப்பாடு என்க. நகையைக் காண்பான் ஒருவன். நகை மறைக்கப்பட்டதைக் காண்பான் அவனினும் கூரியன். தொல்காப்பியர் கூந்தல் விரிதலையும் முறுவல் மறைதலையும் ஒரே வரிசையில் வைத்தது, காண்போனது கண் எத்துணை நுண்ணிதாக இருத்தல் வேண்டும் என்பதற்கு அளவுகோலாகும்.

அணி திருத்துதல் நாள்தோறும் எல்லா மகளிரும் செய்யும் செயல். அது காதற்குறியாவது, இன்ன பொழுதில், இன்னார் முன்னிலையில், இன்ன செயலை அடுத்து நிகழ்ந்தமையால். செயலைத் தனியே பிரித்தெடுத்தால் அதற்குப் பொருளில்லை. ஆசிரியர் இவற்றை அகரநிரலாக எண்ணாது, கூட்டத்தின் வளர்ச்சிப் படிகளாக அடுக்கியமை இதனை உணர்த்தும். உடலசைவாராய்ச்சிக்கு ஆங்கிலத்திற் புதுப்பெயரிட்டு 1952-இல் நூல் வெளியிட்ட அமெரிக்க மானிடவியலார் பேர்ட்விசில், எல்லா மக்கட்கும் ஒரே பொருள் தரும் உடலசைவு ஒன்றேனும் இல்லை, இடமும் மரபும் நோக்கியே பொருள் கொள்ளல் வேண்டும் என்னும் கொள்கையினர். அவர் கருத்துடன் தொல்காப்பியர் அடுக்குமுறை ஒத்துச் செல்கின்றது. அகராதிபோல் ஓர் அசைவிற்கு ஒரு பொருள் எழுதிப் பழகும் இக்கால நூல்களுடன் அஃது ஒவ்வாது.

4

திருவள்ளுவர் இப்பொருளுக்கு மூன்று அதிகாரங்கள் வகுத்தார். பொருட்பாலில் அமைச்சியலுள் 71-ஆம் அதிகாரமும், காமத்துப்பாலில் களவியலுள் 110-ஆம் அதிகாரமும் குறிப்பறிதல் என்னும் ஒரே பெயருடையன. கற்பியலில் 128-ஆம் அதிகாரம் குறிப்பறிவுறுத்தல் எனப்படும். அரசவைக்கும் காதற்கும் ஒரே தலைப்பு இட்டமை பலராலும் வியக்கப்பட்டது. வியப்பினும் மேலாகக் கருதத்தக்கது, அத்தலைப்பின் சொல்லமைப்பு. குறிப்புக் காட்டல் எனப் பெயரிடாது குறிப்பறிதல் எனப் பெயரிட்டார். தலைப்பிலேயே காண்போன் எழுவாயாகிவிடுகின்றான்.

71-ஆம் அதிகாரத்தின் 10 குறள்களையும் இந்நோக்கிற் பகுத்துப் பார்த்தோம். உள்ளத்து உணர்ச்சியை முகம் முந்திக்கொண்டு காட்டும் இயல்பை மட்டும் கூறுவன இரண்டே: பளிங்கினை உவமையாக உடைய 706-ஆம் குறளும், அடுத்து நிற்கும் 707-ஆம் குறளும். ஏனைய எட்டும் அறிவானது சிறப்பையோ, அறியாதானது குறையையோ, அறியும் கருவியாகிய கண்ணையோ பேசுகின்றன. கூறாமலே அறிவான் உலகிற்கு அணியாவான். ஐயமின்றி அகத்தை உணர்வான் தெய்வத்தோடு ஒப்பாவான். அறியாதவன் உறுப்பால் மனிதனை ஒத்திருப்பினும் வேறாவான். 708, 709 ஆகிய குறள்கள் மேலும் நுணுகி நோக்கத்தக்கன. முகத்தை நோக்கி நிற்றலே அமையும் என்கின்றது ஒன்று. பகையையும் நட்பையும் கண்ணே உரைத்துவிடும் என்கின்றது மற்றொன்று. ஆயின் இரண்டும் 'பெறின்' என்னும் வினையெச்சத்தோடு முடிகின்றன. உணர்வாரைப் பெற்றால் என்பது அதன் பொருள். முகம் பேசும், கண் உரைக்கும் என்று கூறவந்த இடத்தும், கேட்பான் ஒருவன் இருந்தால் என்று வள்ளுவர் வரையறுத்துவிட்டார். அவ்வரையறையை நீக்கிவிட்டு 'முகம் அகத்தின் கண்ணாடி' என்று மட்டும் எடுத்தோதுதல் வள்ளுவரைப் பாதியாக ஓதுதல் ஆகும்.

128-ஆம் அதிகாரத்து 1279-ஆம் குறள் இதற்குச் சிறந்த சான்று. அதனுட் காணப்படுவன மூன்று பார்வைகள் மட்டுமே: தலைவி தன் தொடியை நோக்கினாள், தோளை நோக்கினாள், அடியை நோக்கினாள். அவள் செய்தது அவ்வளவே என்று குறள் நின்றுவிடுகின்றது. தலைவன் பிரியின் தொடி கழலும், தோள் மெலியும், ஆதலின் இவ்வடிகளால் அவனுடன் நடந்து செல்வதே காப்பு என்பது அவள் குறிப்பு எனப் பரிமேலழகர் விரிப்பர். மூன்று பார்வைக்குள் ஒரு முழு வேண்டுகோள் அடங்கியிருந்தது; அதனைக் கண்டு தலைவனுக்குச் சொன்னவள் தோழி. தோழி அவ்விடத்து இல்லையாயின் மூன்று பார்வையும் வீண் பார்வை ஆகியிருக்கும். அவளும், அவள் செய்தது இது என்று சொல்லி நிறுத்தினாளேயன்றித் தன் உரையை ஏற்றவில்லை. காண்பான் கடமை கண்டதைக் கண்டவாறு சொல்லுதலில் தொடங்குகின்றது என்பதற்கு அக்குறளின் சொற்சுருக்கமே சான்றாகும்.

5

இனிச் சங்கப் பாடல்களில் இக்கருத்து செல்லுமாறு காண்போம். அகநானூற்றின் ஐந்தாம் பாட்டு பாலை பாடிய பெருங்கடுங்கோ இயற்றியது. பொருள்வயிற் பிரியக் கருதிய தலைவன் தன் நெஞ்சிற்குச் சொல்லிச் செலவு தவிர்கின்றான். பட்டியலிடுவார் இதற்கு அழுகை என எழுதி அடுத்த பாட்டிற்குச் செல்வர். பாட்டினுள் நிகழ்வது யாது?

தலைவி அழைத்தும் வாராதவள், முகம் மாறித் தனியே மெல்ல நடந்து அருகே வருகின்றாள். பல் தோன்ற முறுவலிக்கின்றாள்; அம்முறுவல் உள்ளத்தில் நின்று எழாத வறுமுறுவல். தலைவன் செல்லவிருக்கும் காட்டுவழியின் கொடுமை இடையே கூறப்படுகின்றது. பின்னர், பிரிதல் அறநெறியன்று என்னும் பழமொழி பொய்த்ததோ என்று கேட்பாள்போல அவள் முகத்தால் உரைக்கின்றாள்; கண்மணியை மறைக்கும் நீரோடு ஓவியம்போல் நின்று நோக்குகின்றாள். மார்போடு அணைத்த புதல்வன் தலையிற் சூட்டிய மலரை மோந்து பெருமூச்செறிகின்றாள். அவ்வெய்ய மூச்சால் மலர் தன் நிறம் இழக்கின்றது. அதனைக் கண்ட அளவில் தலைவன் செலவை ஒழித்தான்.

தலைவி வாய் திறந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆயின் ஒரு பயணம் நின்றுவிட்டது. கருத்து சென்றெய்தியது என்பதற்கு இதனினும் உறுதியான சான்று வேண்டுவதில்லை. எனினும் இப்பாட்டின் திறத்தைத் தலைவியின் மெய்ப்பாட்டில் மட்டும் காண்பது பொருந்தாது. பாட்டு முழுதும் தலைவன் கூற்று. அவள் நடை, முறுவல், நோக்கம், மூச்சு, மலரின் வாட்டம் ஆகிய யாவும் அவன் கண்ட முறையிலேயே நமக்குக் கிடைக்கின்றன. முகத்தால் உரைத்தாள் என்னுமிடத்துத் தலைவன், இவ்வாறு கூறுவாள் 'போல' என உவம உருபு கொடுத்துச் சொல்கின்றான். கண்டதற்கும் தான் கொண்டதற்கும் உள்ள இடைவெளியை அவன் மறைக்கவில்லை. முறுவலைக் கண்டு இசைந்தாள் என்று கொண்டு புறப்படும் தலைவனாக அவனைப் புலவர் படைத்திருந்தால், அதே முகம், அதே முறுவல், அதே கண்ணீர் இருந்தும் பயணம் நிகழ்ந்திருக்கும். முறுவல் வறிது என்று அறிந்தமையே பாட்டின் திருப்பம். எனவே இப்பாட்டைக் கற்பார் தலைவியின் அழுகையைக் குறித்தாற் போதாது. தலைவன் அதனைக் கண்ட கண்ணையும் குறித்தல் வேண்டும்.

புறத்திணையினும் இந்நெறி உண்டு. பெருந்தலைச்சாத்தனார் குமணனைப் பாடிய புறநானூற்று 164-ஆம் பாட்டு வறுமை பற்றிய அழுகைக்கு எடுத்துக்காட்டாகத் தகுவது. சமைத்தலை மறந்த அடுப்பு முதலிற் காட்டப்படுகின்றது. பால் வற்றிய முலையைச் சுவைத்துக் குழந்தை அழுகின்றது. தாய் அக்குழந்தையின் முகத்தை நோக்குகின்றாள். நீர் நிறைந்த அவள் கண்ணைப் புலவர் நோக்குகின்றார். நோக்கியவர் குமணனை நினைந்து வருகின்றார். வந்து, என் நிலையை நீ அறிந்தனையாயின் என்று அவன்பால் வேண்டுகோளை முடிக்கின்றார்.

ஒரு முகத்தை மற்றொரு முகம் கண்டு, அதனைப் பிறிதொன்று கண்டு, துன்பம் கைமாறிச் செல்லும் தொடர் இது. குழந்தைக்குச் சொல் இல்லை. தாய்க்குச் சொல் இருந்தும் சொல்லவில்லை. புலவர் ஒருவர்க்கே சொல் உண்டு. முதல் இரண்டு கண்ணியும் கண்ணாற் கண்டு பற்றப்பட்டன. மூன்றாவது செவிவழியாகக் குமணனுக்குச் செல்கின்றது. கண்ணினும் செவியினும் என்ற தொல்காப்பியர் வைப்புமுறை இப்பாட்டில் வாழ்க்கையாகி நிற்கின்றது. தொடரின் எந்த ஒரு கண்ணியிலும் காண்போன் பொய்த்திருந்தால் துன்பம் ஆங்கே நின்றிருக்கும். இறுதிக் கண்ணியாகிய குமணன் பொய்ப்பானோ என்பதே பாட்டின் உயிர்நிலையான வினா. அழுகை, நிலைக்களம் வறுமை என்று எழுதியவுடன் அவ்வினா மறைந்துவிடுகின்றது.

6

காண்போர் பொய்த்த இடத்து நிகழ்வது யாது என்பதற்குச் சிலப்பதிகாரத்தை விடப் பெரிய சான்று தமிழில் இல்லை. கொலைக்களக் காதையில் பாண்டியன், தலைநோய் என்று கூறி எழுந்துபோன தேவியின் ஊடலைத் தீர்க்கச் செல்கின்றான். வழியில் பொற்கொல்லன் எதிர்ப்பட்டுக் கள்வன் அகப்பட்டான் என்கின்றான். சிலம்பு அவன் கையதாயின் கொன்று கொணர்க என்று அரசன் ஏவுகின்றான். தேவியின் நோய்ச்சொல்லுக்குள் ஊடல் இருப்பதை அறிந்தவன், குற்றஞ்சாட்டப்பட்டவன் முகத்தை ஒருமுறையும் காணாமலே தீர்ப்பளித்தான். இக்காட்சியடுக்கு தற்செயலானது என்று யாம் கருதவில்லை.

அரசன் காணாததைக் காவலர் கண்டனர். கோவலனை நேரிற் கண்டவுடன், இவன் தோற்ற இயல்பு கொலைக்குரியானது அன்று என்று அவர்கள் கூறினர். அவர்கள் கல்வியாற் சிறந்தவர் அல்லர். எதிரில் நின்றதைத் திண்ணிதின் உணர்ந்தவர். இதற்குப் பொற்கொல்லன் கூறும் மறுமொழி ஆராயத்தக்கது. கோவலன் முகத்தை மறுமுறை நோக்குமாறு அவன் கூறவில்லை, கூறவும் மாட்டான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எனக் கள்வர்க்குத் துணையாவன எட்டினை நூல் நெறியாக எடுத்து விரிக்கின்றான். நல்லவன்போல் தோன்றுதலும் கள்வர் திறமே என்பது அவ்வுரையின் உட்கிடை. முகம் சொல்வதை, முகம் சொல்லாத ஒன்றால் வெல்கின்றான். முன்னர்க் கூறிய உய்த்துணர்வுக்கும் உணர்வுக்கும் உள்ள போர் இங்கே நிகழ்கின்றது. உய்த்துணர்வு வென்றது, கல்லாக் களிமகன் ஒருவன் வாளோங்கினான், கோவலன் வீழ்ந்தான். காவலர் உணர்வு சரியானதே. ஆயின் உணர்ந்ததில் நிலைத்து நிற்கும் உறுதி அவர்பால் இல்லை. உணர்தலுக்குத் திண்மையையும் அடையாகத் தொல்காப்பியர் கொடுத்தமை இதனால் பொருளுடைத்தாகின்றது.

வழக்குரை காதையில் அரசன் முதன்முறையாகக் காண்கின்றான். காண்பது கண்ணகியை. அவன் வினாவே அவள் கண்ணீரை விளித்துத் தொடங்குகின்றது. காதையின் இறுதியில் நிற்கும் வெண்பாவொன்று, அவள் உடம்பிற் படிந்த புழுதியையும் விரிந்த கூந்தலையும் ஒற்றைச் சிலம்பையும் கண்ணீரையும் கண்டபோதே அரசன் தோற்றான், அவள் சொல் செவியிற் பட்டபோது உயிரையும் தோற்றான் என்னும் பொருளுடையது. காதையின் கதைப்போக்கில் வழக்கை முடித்தது சிலம்பிலிருந்து தெறித்த மணியே. வெண்பாவோ தோல்வியைக் கண்ணிற்கும் செவிக்கும் பங்கிட்டு வைக்கின்றது. காதையை மெய்ப்பாட்டு நெறியிற் கற்ற உள்ளம் அவ்வெண்பாவிற் பேசுகின்றது. காணாது கூறிய சொல்லால் ஓருயிரைப் போக்கியவன், கண்டும் கேட்டும் தன் உயிரைப் போக்கினான். பாண்டியன் பிழை சினமோ பேராசையோ அன்று. காணவேண்டியதைக் காணவேண்டிய பொழுதிற் காணாமை. அப்பிழையின் விலை ஒரு நகரம்.

7

இக்கொள்கைக்கு எழக்கூடிய தடைகள் இரண்டினை எடுத்துக்கொள்வோம்.

மெய்ப்பாட்டியலின் முதல் நூற்பாவே ஆடல் நிகழும் பண்ணையைச் சுட்டுகின்றது. நாடக வழக்கில் செய்து காட்டுவோன் திறமன்றோ முதன்மையுடையது என்பது முதல் தடை. கூத்தன் திறத்தை யாம் மறுக்கவில்லை. ஆயின் கூத்தில் காண்பதற்கென்றே ஒருவன் வந்து அமர்ந்திருக்கின்றான். காண்போன் உண்டு என்பது அங்கே முன்னரே முடிந்துபோன செய்தி. வாழ்க்கையில் அவ்வுறுதி இல்லை. முறுவலை மறைக்கும் பெண்ணுக்கும், அழும் குழந்தைக்கும், வாளின் முன் நிற்பவனுக்கும் காண்போன் வாய்ப்பது நற்பேறு. கூத்து நூலினின்றும் எடுத்த பொருளை ஆசிரியர் செய்யுட்கு உரியதாக்கியபோது, இறுதி நூற்பாவில் காண்போன் தகுதியைத் தனியே ஓதவேண்டியதாயிற்று என்பது எம் துணிபு.

இரண்டாவது தடை வலிமையுடையது. தன் வேட்கையைத் தலைவன்முன் சொல்லுதல் தலைவிக்கு இல்லை என்று களவியல் விதிக்கின்றது. புதுமட்கலத்துப் பெய்த நீர் புறத்தே பொசிவதுபோல அஃது உணரப்படும் என்றும் கூறுகின்றது. அங்ஙனமாயின், சொல்லை ஒருத்திக்கு மறுத்துவிட்டு, அவள் மெய் பேசுகின்றது என்று பாராட்டுதல் நேர்மையாகுமா? இத்தடையை மழுப்புதல் ஆய்வாளர்க்கு அழகன்று. மெய்ப்பாட்டு நுட்பங்களுட் பல, சொல்லுரிமை மறுக்கப்பட்ட நிலையிற் பிறந்தவை என்பது உண்மை. ஆயினும் அவ்வுண்மையே எம் கருத்தை வலியுறுத்துகின்றது. சொல் இல்லாதார்க்கு மெய்யே சொல் எனின், அதனைக் காணாதிருத்தல் அவர் வாயை இருமுறை அடைத்தலாகும். தாமே சொல்லும் உரிமை எய்தியோர் இடத்தும் காண்போர் கடமை குறைவதில்லை; சொல்லோடு மெய் மாறுபடும் இடம் எக்காலத்தும் உண்டு.

மாறுபாடு என்னும் இச்சொல் ஒரு செய்தியை நினைப்பூட்டுகின்றது. கருத்தறிவித்தலில் சொற்கு 7 விழுக்காடு, குரற்கு 38, முகத்திற்கு 55 எனப் பங்கிட்டு, மேடைதோறும் சொல்லப்படுகின்றது. இவ்வெண்கள் அமெரிக்க உளவியலார் ஆல்பர்ட் மெராபியன் 1967-இல் வெளியிட்ட இரு ஆய்வுகளினின்றும் பிறந்தவை. அவை விருப்பு வெறுப்பாகிய உணர்வுகளைப் பற்றியவை. சொல்லும் குரலும் முகமும் தம்முள் மாறுபடும் நிலைக்கே உரியவை என்பதை அவரே தெளிவுறுத்தியுள்ளார். எல்லாப் பேச்சிற்கும் அவற்றை ஏற்றுதல் பிழை. அதனினும் பெரிய பிழை, 55 பங்கும் காட்டுவோன் உடைமை என்று கருதுதல். வள்ளுவர் நெறியில் அது 'பெறின்' என்னும் சொல்லுக்கு உட்பட்டது. காண்போர் இல்லையேல் அப்பங்கு வெறும் சுழி.

8

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை. மெய்ப்பாடு என்பது உணர்ச்சியின் பெயரன்று. உணர்ச்சி ஒருவரிடத்து நின்று மற்றொருவரை எய்தும் நிகழ்ச்சி. அந்நிகழ்ச்சியின் நிறைவு காண்போன் கண்ணையும் செவியையும் அவன் உறுதியையும் சார்ந்தது. கண்டதைக் கொள்ளுதல் உணர்வு. காணாததை ஏற்றுதல் உய்த்துணர்வு. பின்னது முன்னதன் இடத்தைக் கவரும்போது அகத்திற் பிரிவும் புறத்திற் கொலையும் நிகழ்தல் கூடும்.

எனவே, மெய்ப்பாடு பற்றி ஆராயப் புகும் இளைஞர்க்கு ஒரு வேண்டுகோள். பாட்டொன்றை எடுத்தவுடன் எட்டனுள் எது என்று வினவற்க. மெய்யில் தோன்றியது யாது, அதனைக் கண்டவர் யார், கண்டதை அவர் எவ்வாறு கொண்டார், கொண்டபின் யாது செய்தார் என்னும் நான்கினையும் முறையே வினவுக. காண்போர் எவரும் இல்லாத பாட்டாயின் அவ்வின்மையையும் எழுதுக. கண்டும் கொள்ளாத பாட்டாயின் அதனையும் எழுதுக. இவ்வாறு எழுதப்படும் ஏடு பட்டியலைவிட நீளும். பாடல்களின் தொகை நூறிலிருந்து பத்தாகக் குறையவும் கூடும். அதனால் இழப்பு ஒன்றுமில்லை.

வினாத்தாள் அமைப்போர்க்கும் இதுவே பொருந்தும். இப்பாட்டின் மெய்ப்பாடு யாது என்று இனி யாம் வினவப்போவதில்லை. இம்மெய்ப்பாட்டைக் கண்டவர் யார், கண்டு யாது செய்தார் என்று வினவுவோம். விடை ஒரு சொல்லில் அடங்காது. மாணாக்கர் பாட்டைக் கற்றே எழுதவேண்டி நேரும்.